பதினாலு இஞ்ச்

அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி டிவிக்கு இரண்டடி முன்னால் கிடக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, "இவ்வளவு கிட்டக்க உக்காந்து பாக்காதம்மா" என்பேன். "சரிய்யா" என்பாள். மறுநாள் காலையில் நாற்காலி பழைய இடத்திலேயே கிடக்கும். சின்ன வயதில் இதே வசனத்தை அவள்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வயதானால் எல்லாரும் குழந்தை ஆகிவிடுவார்கள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

2025 செப்டம்பர் கடைசியில் அக்கா குடும்ப குரூப்பில் ஒரு விளம்பரத்தைப் போட்டாள். ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி. கீழே, "வரி குறைஞ்சிருக்கு. தீபாவளிக்கு அம்மாவுக்கு வாங்கிருவோம். பாதி நான் போடுதேன்" என்று எழுதியிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். வீட்டு ஹாலே பன்னிரண்டுக்குப் பத்து. அதில் ஒரு கட்டில், அம்மாவின் தையல் மிஷின், அரிசி மூட்டை. இதற்குள் ஐம்பத்தைந்து இஞ்ச் எதற்கு என்று கேட்டேன். அது உண்மையான காரணம் இல்லை. வீட்டில் இருப்பது 2008-இல் வந்த கவர்மெண்டு டிவி, பதினாலு இஞ்ச், முதுகு புடைத்த பழைய பெட்டி. இன்னும் ஓடுகிறது. அது போவது எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பாள் என்பதால் ஹாலின் நீள அகலத்தைச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவின் இஞ்ச் டேப்பை எடுத்து டிவியை அளந்தேன். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. அம்மா பார்த்துவிட்டு, "இது என்ன, கிராஸ்ல அளக்குத?" என்றாள். நாற்பது வருஷமாக ஜாக்கெட் தைப்பவள். அவள் தொழிலில் அகலத்தை அகலமாகவும் நீளத்தை நீளமாகவும்தான் அளப்பார்கள். குறுக்கே அளந்து சொன்னால் அது ஏமாற்று வேலை.

அவள் சந்தேகம் நியாயமானது. பழைய டிவிக்களின் பிக்சர் டியூப் முகம் வட்டமாக இருந்தது. அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனி 1946-இல் கொண்டுவந்த 630-டிஎஸ் என்ற மாடலில் பத்து இஞ்ச் டியூப் என்றால் அந்த வட்டத்தின் விட்டம் பத்து இஞ்ச். டியூப் செவ்வகமானபோது விட்டம் போய்விட்டது. ஆனால் கடைக்காரர்கள் பழகிய எண்ணை விடவில்லை, மூலைக்கு மூலை அளந்து அதையே சொன்னார்கள். சொல்வதற்குப் பெரிய எண் என்பது கூடுதல் வசதி. போதாததற்கு, மரச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கண்ணாடி விளிம்பையும் சேர்த்துக் கணக்குச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இருபத்தொரு இஞ்ச் என்று வாங்கியதில் கண்ணுக்குத் தெரிந்தது இருபதுதான். இந்தியாவில் பெட்டிமேல் சென்டிமீட்டரில் அச்சடிக்கிறார்கள், 36 செ.மீ., 51 செ.மீ. என்று. அந்தக் கணக்கில் டிவி கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை.

அம்மா பார்த்த முதல் டிவி எத்தனை இஞ்ச் என்று கேட்டேன். கைகளை விரித்துக் காட்டினாள். இருபது இஞ்ச் இருக்கலாம். மேலத்தெருவில் மாடி வீட்டில் இருந்த சாலிடேர். மெட்ராஸ் கம்பெனி. டயனோராவும் மெட்ராஸ்தான். அந்த இரண்டு பெயரும் அப்போது தமிழ்நாட்டில் டிவி என்ற சொல்லுக்கே மாற்றுச்சொல் போல. மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மடக்குக் கதவு, அதற்குப் பூட்டு. பார்க்காத நேரத்தில் அது ஒரு பீரோ.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி சோதனை முயற்சியாக ஒளிபரப்பு தொடங்கியபோதே, டிவி என்பது தனி வீட்டுப் பொருளாக யோசிக்கப்படவில்லை. பொது இடத்தில் ஒரு பெட்டி, அதைச் சுற்றிக் கூட்டம் என்பதுதான் கணக்கு. 1975 ஆகஸ்டில் தொடங்கி ஒரு வருஷம் நடந்த சைட் என்ற செயற்கைக்கோள் திட்டத்தில் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் பெட்டி கொடுத்தார்கள். ஊருக்கு ஒன்று. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. அதே 1975 ஆகஸ்ட் 15-இல் மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்தது. வந்தது என்றால் மெட்ராஸுக்கு வந்தது. எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே, வேம்பார் பக்கம், கடலோரம். அங்கே மெட்ராஸ் தெரியாது.

தெரிந்தது கொழும்பு. 1982 பிப்ரவரி 15-இல் ரூபவாஹினி தொடங்கியது. இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலை மலைமேல் அதன் டிரான்ஸ்மிட்டர். இரண்டாயிரத்து ஐநூறு மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் அலைக்குக் குறுக்கே மன்னார் வளைகுடா மட்டும்தான், மறிக்க ஒரு குன்று கிடையாது. கடல் பரப்பின்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் சில நாட்களில் அலை வளைந்து இன்னும் தூரம் போகும். ஆகவே தென்கடலோரத் தமிழர்களில் ஒரு தலைமுறை தன் சொந்தத் தலைநகரின் ஒளிபரப்புக்கு முன்னால் பக்கத்து நாட்டு ஒளிபரப்பைப் பார்த்தது. சிங்களச் செய்தி ஒரு வார்த்தை புரியாது. "புரியாட்டா என்ன, ஆள் பேசுதான்ல" என்றாள் அம்மா. மாடி வீட்டில் மூங்கில் கழிமேல் ஆன்டெனா. படம் தெரியாவிட்டால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழேயிருந்து "வந்துட்டு, வந்துட்டு, ஏ போயிட்டு" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது எப்போதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போவாள். இந்தமுறை கேட்டேன். எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்? "உக்காரவா? ஜன்னலுக்கு வெளிய நின்னு."

1987 ஜனவரி 25-இல் ராமாயணம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்குள் நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்கள் முளைத்து, மாடி வீட்டு ஆன்டெனா டெல்லியையும் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு இந்தியாவே தெரு வெறிச்சோடிக் கிடந்தது, டிவிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள், ஒரே பெட்டியைச் சுற்றி சாதி மதம் பாராமல் கூடினார்கள் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை எழுதியவர்கள் பெரும்பாலும் அறைக்குள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் பெட்டிக்கு நேராகப் பாய் விரித்து வீட்டுக்காரர்கள். பின்னால் சிமென்ட் தரையில் மேலத்தெருப் பிள்ளைகள். திண்ணையில் பெரியவர்கள். கீழத்தெரு ஜன்னலுக்கு வெளியே. கம்பிக்கு நடுவே முகத்தை வைக்க இடம் பிடிக்க வேண்டும். இடுப்பில் ஒரு வயது அக்கா. பெட்டிக்கும் ஜன்னலுக்கும் பதினைந்தடியாவது இருக்கும். "ராமர் எது லட்சுமணன் எதுன்னு கண்ணுக்குத் தெரியாது. குரலை வச்சுக் கண்டுபிடிப்போம்." வசனமோ ஹிந்தி. கதை தெரியும் என்பதால் ஓடியது. அக்கா அழுதால் உள்ளேயிருந்து யாராவது எழுந்து வந்து ஜன்னல் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சாத்தியதோடு அம்மா போவதை நிறுத்திவிட்டாள். அசோகவனம் அவள் பார்க்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தபோது பஞ்சாயத்து டிவி வந்துவிட்டது. ரேடியோ ரூம் என்று பெயர் வைத்திருந்த ஓட்டுக் கட்டடத்தில் இரும்புக் கம்பிக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. சாவி ஒருவரிடம். வெள்ளி சாயங்காலம் ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலம் படம். பொங்கலுக்கு வாடகைக்கு டெக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம். அங்கே ஜன்னல் பிரச்சினை இல்லை, வெட்டவெளியில் எல்லாரும் மண்ணில்தான். ஆனாலும் முன்வரிசை யாருடையது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் முன்னால் போய் உட்கார்ந்த அன்று காதைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் விட்டவரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பார்க்கிறவர்கள் நூறு பேர் இருந்தும் ஏன் பெட்டி பெரிதாகவில்லை? யாருக்கும் தோன்றாமலா இருந்திருக்கும்! திரைக்கு முன்னால் மாட்டும் பெரிய பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி ஒன்று அப்போது விற்றார்கள். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை பூசிய இன்னொரு தகடும் உண்டு. மாட்டினால் கறுப்பு வெள்ளை டிவி கலராகிவிடும் என்பது பேச்சு. வானமும் புல்லும் வந்தால் சரியாக இருக்கும். ஆள் முகம் கிட்டத்தில் வந்தால் நெற்றி நீலமாகவும் தாடை பச்சையாகவும் இருக்கும்.

தடை கண்ணாடியில் இருந்தது. பிக்சர் டியூபின் உள்ளே காற்று கிடையாது, வெற்றிடம். வெளியே நம் வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. பதினாலு இஞ்ச் திரையின் பரப்பு சுமார் 600 சதுர சென்டிமீட்டர். அதாவது அம்மாவின் டிவி பதினேழு வருஷமாக அறுநூறு கிலோவை முகத்தில் தாங்கிக்கொண்டு சீரியல் காட்டுகிறது. இருபத்தொன்பது இஞ்ச் என்றால் அது இரண்டாயிரத்து அறுநூறு கிலோ. தாங்க வேண்டுமானால் கண்ணாடியைத் தடிமனாக்க வேண்டும். கலர் டியூபிலிருந்து கசியும் எக்ஸ்ரேயை மறைக்கக் கண்ணாடியில் ஈயமும் பேரியமும் மாதிரி கனத்த சரக்கைக் கலக்க வேண்டும். எடை ஏறிக்கொண்டே போகும். இருபத்தொன்பது இஞ்ச் பெட்டியை இரண்டு ஆள் முக்கித் தூக்கியது எண்பது, தொண்ணூறுகளில் பிறந்த பலருக்கு ஞாபகம் இருக்கும். சோனி 1989-இல் 43 இஞ்ச் டியூப் டிவி ஒன்றைச் செய்து பார்த்தது. எடை சுமார் 200 கிலோ. அதோடு அந்தப் பாதை முடிந்தது.

எக்ஸ்ரே என்றதும் நினைவுக்கு வருகிறது. "கிட்டக்க உக்காந்தா கண்ணு போயிரும்" என்ற உலகப் பொது வசனத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு சம்பவம் உண்டு. 1967-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சில கலர் டிவிக்கள் அளவுக்கு மேல் எக்ஸ்ரே கசியவிட்டது தெரியவந்து, கம்பெனி அவற்றைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அடுத்த வருஷமே இதற்காகக் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கசிவை நிறுத்தினார்கள். எச்சரிக்கை மட்டும் அமெரிக்காவிலிருந்து வேம்பார் வரை, தலைமுறை தாண்டி, காரணத்தை வழியில் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

2006 சட்டமன்றத் தேர்தலில், டிவி இல்லாத குடும்பத்துக்கு ஒரு கலர் டிவி இலவசம் என்று திமுக தேர்தல் அறிக்கையில் சொன்னது. வீட்டுப் பெண்களின், குறிப்பாகக் கிராமத்துப் பெண்களின் பொழுதுபோக்குக்கும் பொது அறிவுக்கும் என்று காரணம் சொன்னார்கள். ஜெயித்தார்கள். அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-இல் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் டிவி பிறந்ததும் அதே தேதி என்பது தற்செயலாகத்தான் இருக்கும். அளவு பதினாலு இஞ்ச். கலரில் கடையில் கிடைத்தவற்றில் ஆகச் சிறியது, ஆக மலிவானது. ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள். இதை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் இது நேர்மையான தேர்தலின் அடித்தளத்தை அசைக்கிறது என்றும் நீதிமன்றம் சொன்னது, வழிமுறைகள் வகுக்கத் தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. அதற்குள் 2011-இல் ஆட்சி மாறி, டிவி நின்று, மிக்சி கிரைண்டர் ஃபேன் வந்து, இலவசம் என்ற சொல்லும் விலையில்லா என்று மாறியிருந்தது.

வரிப்பணம், ஓட்டுக்கு லஞ்சம், கேபிள் தொழிலுக்கு ஆதாயம் என்று அந்தத் திட்டத்தின்மேல் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் கல்லூரியில் நானும் பேசியிருக்கிறேன். மேடையில் கைதட்டுகூட வாங்கினேன். 2008-இல் ஒருநாள் விடுதி போனுக்கு அம்மா கூப்பிட்டாள். ரேஷன் கார்டைக் காட்டி, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று வாங்கியாயிற்று, அப்பா சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி நடந்தே தள்ளிக்கொண்டு வந்தார் என்றாள். நான் ஏதோ சொல்லவந்தேன். அவள், "கதவைச் சாத்திட்டுப் பாக்கேன்யா" என்றாள். யாரும் தொந்தரவு செய்யாமல் பார்க்கிறாள் என்றுதான் அப்போது புரிந்துகொண்டேன். மாடி வீட்டு ஜன்னல் கதை அப்போது எனக்குத் தெரியாது.

அந்த டிவி போகக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். அது ஒரு வரலாற்று ஆவணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆவணத்தை வைத்துக்கொண்டு சீரியல் பார்க்க வேண்டியவள் அம்மா என்பதை யோசிக்கவில்லை.

டியூப் போய் எல்சிடி வந்தபோது எடைத் தடை உடைந்தது. இப்போது அளவைத் தீர்மானிப்பது வேறொரு கண்ணாடி. இரண்டே கால் மீட்டருக்கு இரண்டரை மீட்டர் தாய்க்கண்ணாடித் தாள் ஒன்றில் ஐம்பத்தைந்து இஞ்ச் ஆறு வெட்டலாம். மிச்சம் அதிகம் விழாது. முப்பத்திரண்டு இஞ்ச் என்றால் பதினெட்டு. இன்னும் பெரிய தாள் போடும் தொழிற்சாலை 2017 கடைசியில் சீனாவின் ஹெஃபெயில் ஓடத் தொடங்கியது. அதில் அறுபத்தைந்து இஞ்ச் எட்டு வரும். 32, 55, 65 என்று ஷோரூமில் வரிசையாகத் தொங்குவது நம் ஹாலைப் பார்த்து முடிவானது இல்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "ரெண்டரை மீட்டர்ல எத்தனை ஜாக்கெட் எடுக்கலாம்னு பாத்துத்தான வெட்டணும்" என்றாள்.

நடுவில் வரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லா டிவிக்கும் 28 சதவீதம். 2018 ஜூலையில் 68 செ.மீ. வரைக்கும், அதாவது இருபத்தேழு இஞ்ச் வரைக்கும் 18 ஆகக் குறைத்தார்கள். 2019 ஜனவரி முதல் அந்தக் கோடு முப்பத்திரண்டுக்கு நகர்ந்தது. அதற்கு மேலே போனால் ஆடம்பரம், புகையிலையோடு சேர்ந்த வரி அடுக்கு. ஒரு குடும்பத்துக்கு எத்தனை இஞ்ச் தேவை, எத்தனை இஞ்சில் திமிர் ஆரம்பிக்கிறது என்று அரசாங்கம் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது, ஆறேமுக்கால் வருஷம். 2025 செப்டம்பர் 22-இல் அதை அழித்தது. அன்றுவரை வரியோடு 128 ரூபாய்க்கு வந்த பொருள் 118 ஆனது. அக்காவின் விளம்பரம் அங்கிருந்து வந்ததுதான்.

அளந்ததோடு விடவில்லை, ஒரு தாளில் கணக்கும் போட்டேன். தூரம் அதிகமானால் திரை சிறிதாகத் தெரியும், ஆகவே அளவை மட்டும் பேசிப் பயனில்லை, தூரத்தால் வகுக்க வேண்டும். பழைய டிவியில் படம் 625 கோடுகளால் ஆனது, கிட்டத்தில் போனால் கோடு தெரியும், அதனால் திரை உயரத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளி உட்காரச் சொன்னார்கள். இன்றைய ஃபுல் ஹெச்டிக்கு மூன்று மடங்கு, ஃபோர்-கேவுக்கு ஒன்றரை மடங்கு போதும். எங்கள் ஹாலில் சுவரோரம் நாற்காலி போட்டால் டிவிக்கு எட்டடி. ஐம்பத்தைந்தை எட்டால் வகுத்தேன். அடிக்கு ஏழு இஞ்ச், கொஞ்சம் குறைவு. முப்பத்திரண்டுக்கு நாலு. பதினாலுக்கு ஒன்றேமுக்கால். ஆர்வத்தில் மாடி வீட்டு இருபது இஞ்சையும் பதினைந்தடியால் வகுத்தேன். ஒன்றரைகூட வரவில்லை.

பிறகு, எதற்கு என்று யோசிக்காமலேயே, அம்மாவின் நாற்காலிக்குக் கணக்குப் போட்டேன். பதினாலு இஞ்ச், இரண்டடி. ஏழு.

தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் எப்போதோ ஐம்பத்தைந்து இஞ்ச் வாங்கிவிட்டாள். நான் ஒவ்வொரு முறையும் ஊருக்கு வந்து அதைப் பிடுங்கிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"கண்ணு தெரியலையாம்மா?"

"தெரியுது. நடுவுலதான் புகை மாதிரி."

எத்தனை நாளாக என்றதற்கு நேரடியாகப் பதில் இல்லை. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். மதுரைக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை விழித்திரையைத் தின்றிருக்கிறது. இரண்டு கண்ணிலும். ஊசி போட்டு, லேசர் வைத்து, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது முழுசாக வராது என்றார் டாக்டர். முன்னாடியே வந்திருக்கலாமே என்று அவர் கேட்டது அம்மாவைப் பார்த்து. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவிக்குக் கிட்டத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். தாராளமாக, கண் கெடாது, பார்வை குறைந்தவர்களுக்கு நாங்களே அதைத்தான் சொல்கிறோம் என்றார்.

அப்படியானால் டிவி மாற்ற வேண்டியதில்லை. நாற்காலி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், செலவு இல்லை, ஆவணமும் தப்பித்தது. பஸ்ஸில் வரும்போதே அக்காவுக்கு இப்படி எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். தினமும் வருவாள், அவள் வீட்டில் டிவி மகன் ரூமில் இருக்கிறது. அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அம்மா எழுந்து, நாற்காலியை எடுத்துப் பின்னால் சுவரோரம் போட்டாள். பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள். இருவரும் எட்டடி தள்ளி உட்கார்ந்தார்கள். சீரியல் ஓடியது. "பாத்தியளா மதினி, எப்படி முழிக்கான்னு" என்று அத்தை சொன்னாள். "ஆமா, முழிக்கதப் பாரு" என்றாள் அம்மா. முகம் திரைக்கு நேராக இருந்தது, தலை மட்டும் ஒரு பக்கமாக, காதைக் கொடுத்தபடி சாய்ந்திருந்தது.

ஏன் நாற்காலியை நகர்த்தினாய் என்று ராத்திரி கேட்டேன். "முன்னால நான் உக்காந்தா அவளுக்கு மறைக்கும்லா" என்றாள்.

நாங்கள் ஐம்பத்தைந்தே வாங்கினோம். அக்கா பாதி, நான் பாதி. நாற்பத்து மூன்று போதாதா என்று கடைசி வரை நான் இழுத்தேன், எட்டால் வகுத்தால் ஐந்தரைக்குப் பக்கம் வருகிறது என்றேன். "வகுத்தது போதும்" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். மாட்ட வந்த பையன் ஹாலைப் பார்த்துவிட்டு, "சார், இந்தச் சுவத்துக்கு இது ரொம்பப் பெருசு" என்றான். அரிசி மூட்டை அடுக்களைக்குப் போயிற்று. பழைய டிவியைப் பழைய இரும்புக்காரர் எடுக்கவில்லை, கண்ணாடிக்கு விலை இல்லை என்றார். எக்சேஞ்சில் ஷோரூமும் வேண்டாம் என்றது. இப்போதைக்கு அது தையல் மிஷினுக்குக் கீழே, அம்மா தைத்த உறை ஒன்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை வந்தாள். அம்மா அவளுக்குப் பக்கத்தில், சுவரோரம் உட்கார்ந்தாள். நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து சீரியல் தொடங்கி இரண்டு நிமிஷம் இருக்கும்.

"மதினி, இந்த மாமியார்க்காரி மூக்குத்தி போட்டிருக்கா" என்றாள் அம்மா.

"அவ மொதல்ல இருந்தே போட்டிருக்காள, மூணு வருசமா" என்றாள் அத்தை. அப்புறம் அத்தையின் பேச்சு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ரிமோட்டைத் தேடுவது மாதிரி கீழே குனிந்தாள். ரிமோட் அவள் மடியிலேயே இருந்தது.